பிள்ளை என்ன குரூப் என்று யாரும் கேட்கவில்லை

வேலையில் சேர்ந்த முதல் நாளே உங்களுக்கு ஒரு நீல டையும், காதில் மாட்டிக்கொள்ளும் போனும், என்ன பேச வேண்டும் என்று அச்சடித்த தாளும் கொடுத்திருப்பார்கள். அந்தத் தாளின் முதல் வரி எனக்கு மனப்பாடம். “கண்டிப்பா சான்ஸ் இருக்கு, கவலைப்படாதீங்க.” யார் வந்து கேட்டாலும், எந்தப் படிப்பைக் கேட்டாலும் இதுதான் பதில். தனியார் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்தவள் நான். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு, புதியவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்கிறார்கள். அந்தத் தாளை நினைத்தால் எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை, கோபம்தான் வருகிறது. அதையே சொல்லிவிட்டுப் போகிறேன்.

கணினியில் எந்த இடத்தில் எதைப் பதிய வேண்டும் என்பதை வேறு யாராவது உங்களுக்குக் காட்டித் தருவார்கள். நான் சொல்ல வந்தது ஒரு கேள்வியைப் பற்றி. ஒரு குடும்பம் உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்ததும், தண்ணீர் கொடுத்த கையோடு கேட்க வேண்டிய கேள்வி அது. “பிள்ளை பிளஸ் டூவில் என்ன குரூப்?” இதைக் கேட்க ஒரு நிமிடம் ஆகாது. இதைக் கேட்காமலே ஒரு பருவம் முழுக்கச் சேர்க்கை நடத்திய பெரிய மனிதர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

கேட்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் பார்த்துக் கேட்பார்கள். ஒரு மே மாதம் அச்சக முதலாளி ஒருவர் தன் மகனுக்காக வந்தார். கார் வாசலில் நிற்கும்போதே எங்கள் அட்மிஷன் டைரக்டர் எழுந்து வரவேற்கப் போய்விட்டார். பையன் கணக்கு எடுக்காத குரூப். “சார், இஞ்சினியரிங் ரூல்படி முடியாது. உள்ளே சேர்த்தாலும் பின்னால் சிக்கல் வரும். இந்த மூணு கோர்ஸ்தான் எலிஜிபிள். இதுல ரெண்டுக்கு நுழைவுத் தேர்வு இருக்கு. எதுக்கும் வெளியிலயும் ரெண்டு இடத்துல போட்டு வைங்க” என்று புட்டுப் புட்டு வைத்தார். அவ்வளவு தெளிவாக ஒருவர் விளக்கி நான் கேட்டதில்லை. நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். நம் டைரக்டருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

அச்சக முதலாளி வருவதற்கு முந்தைய வாரம் சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து எங்கள் ஆட்கள் சேர்க்கை முகாம் போட்டிருந்தார்கள். மேடையில் மணமக்கள் நாற்காலி இருக்கும் இடத்தில் டைரக்டர் மைக்கோடு நின்றார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பட்டாசு யூனிட்டுகளில் வேலை பார்க்கிற குடும்பங்கள் நிறைய வந்திருந்தன. அதில் தாயில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனும் மகளும். தகப்பன் பெயர் கருப்பசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டாசுக் கம்பெனியின் கிட்டங்கியில் பெட்டி அடுக்கி லோடு ஏற்றுகிறவர். மகள் மாரீஸ்வரி, அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவள். வேளாண்மைப் படிப்பு வேண்டும் என்றிருக்கிறாள். மதிப்பெண்ணைப் பார்த்ததும் டைரக்டர் மைக்கிலேயே அறிவித்துவிட்டார். “இந்த மார்க்குக்கு சீட் இந்தப் பொண்ணுக்குத்தான். புக் பண்ணியாச்சு.” மண்டபமே கை தட்டியதாம். என்ன குரூப் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இது நடந்தபோது நான் மண்டபத்தில் இல்லை. ஜூன் மாதத்தில் ஒரு நாள், தகப்பனும் மகளும் சான்றிதழ்களோடு என் மேஜைக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று அன்றைக்கு அந்தப் பக்கத்து யூனிட்டுகளை எல்லாம் மூடிவிட்டார்கள். கூலி போகாத நாள் என்று அன்றைக்குக் கிளம்பி, பஸ் மாறி மாறி வந்து சேர்ந்திருந்தார்கள். கருப்பசாமி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை.

“வாங்கண்ணே, உக்காருங்க. சாப்பிட்டீகளா?” என்றேன்.

“ஆச்சும்மா. பிள்ளைக்கு சீட்டு சொல்லி வச்சிருக்கு. அத உறுதி பண்ணிட்டுப் போகலாம்னு வந்தோம்.”

மாரீஸ்வரியின் மதிப்பெண் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். மதிப்பெண்கள் நன்றாகவே இருந்தன. பிறகு பாடங்களைப் பார்த்தேன். அவள் படித்தது தொழிற்பிரிவு. வேளாண் அறிவியல் என்று ஒரு பாடம், அதற்குச் செய்முறை, கூடவே உயிரியல். இயற்பியலும் வேதியியலும் இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் வேளாண் படிப்புக்கு அந்த இரண்டும் கட்டாயம். எவ்வளவு பெரிய மதிப்பெண் வைத்திருந்தாலும் அந்தக் கதவு அவளுக்குத் திறக்காது. மண்டபத்தில் கை தட்டிய அன்றைக்கும் திறந்திருக்காது.

“அரசுக் கல்லூரிக்குப் போட்டிருக்கியாம்மா?” என்று கேட்டேன். தொழிற்பிரிவுப் பிள்ளைகளுக்கென்று அங்கே தனியாகக் கொஞ்சம் இடங்கள் உண்டு. அவளுக்கு உண்மையில் வாய்ப்பு இருந்த ஒரே வாசல் அதுதான்.

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர்தான் பதில் சொன்னார்.

“பள்ளிக்கூடத்துல வாத்தியாரம்மா கம்ப்யூட்டர்ல பாதி போட்டாக. நாந்தான் வேணாம்னுட்டேன். இங்கன ஆர்டர் சொல்லியாச்சுல்ல. ஒரு எடத்துல சொல்லிட்டு இன்னொரு எடத்துல போய்க் கேட்டா நல்லாவா இருக்கும்? நம்மள நம்பித்தான அவுக சீட்ட எடுத்து வச்சிருப்பாக.”

சிவகாசிக்கு வெளியே பிறந்த உங்களில் சிலருக்கு இது சிரிப்பாகக்கூட இருக்கலாம். சிரிக்காதீர்கள். அங்கே தீபாவளி ஆர்டர் எடுப்பது பெரும்பாலும் வாய் வார்த்தையில்தான். கம்பெனி “உங்களுக்குத்தான்” என்று சொல்லிவிட்டால் பெட்டியில் அந்த வியாபாரியின் பெயரை எழுதித் தனியாக அடுக்கிவிடுவார்கள். அப்புறம் வேறு யார் கூடக் கொடுக்கிறேன் என்று வந்து நின்றாலும் அந்தப் பெட்டி நகராது. அதேபோல ஆர்டர் சொன்ன வியாபாரியும் இன்னொரு கம்பெனி வாசலை மிதிக்க மாட்டார். கருப்பசாமி வாழ்நாள் முழுக்க அப்படிப் பெயர் எழுதிய பெட்டிகளை அடுக்கியவர். டை கட்டிய ஒருவர் மைக்கில், ஊர் கேட்க, “புக் பண்ணியாச்சு” என்று சொன்னால் அவர் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? தன் மகள் பெயர் எழுதிய ஒரு பெட்டி எங்கள் கிட்டங்கியில் இருக்கிறது என்று நம்பினார். நாணயமான மனிதராக, வேறு எங்கும் கேட்காமல் இருந்தார். எங்களிடம் கிட்டங்கியும் இல்லை, நாணயமும் இல்லை.

அரசு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றைக்கு என்று கணினியில் பார்த்தேன். அன்றைக்குத்தான். மாலை ஐந்து மணியோடு மூடுகிறது.

விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே கருப்பசாமியின் முகம் மாறிவிட்டது. “மேல ஏதும் எதிர்பாக்குறீகளாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஆனால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கல்லூரிக்காரர்கள் ‘முடியாது’ என்றால் ‘கூடக் கொடு’ என்று அர்த்தம் என்பதை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தது? நம் மாதிரி ஆட்கள்தானே.

அந்த நேரம் பார்த்து டைரக்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். கருப்பசாமி எழுந்து கும்பிட்டார். “இந்த சார்தான்மா. இவுகதான் மண்டபத்துல சொன்னாக.” அவர் முகத்தில் ஒரு நிம்மதி. டைரக்டருக்கு இவர்களை அடையாளமே தெரியவில்லை. சான்றிதழைக் கையில் வாங்கி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

“வொக்கேஷனல் குரூப். பி.பி.ஏ. காலியா கிடக்கு. கன்வெர்ட் பண்ணிடுங்க மேடம்.”

கன்வெர்ட். இந்தச் சொல்லையும் உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். வந்தவர் கேட்டது இல்லையென்றால், காலியாக இருப்பதை அவர் தலையில் கட்டுவது. நிமிர்ந்தபோது டைரக்டரின் குரல் தேனாக இனித்தது. “அண்ணே, பி.பி.ஏ. இப்போ ரொம்ப டிமாண்ட். நாளைக்கு விவசாய பிசினஸ்கூடப் பண்ணலாம். உங்க பொண்ணு சீட் எங்கயும் போகல.”

கருப்பசாமி மகளைப் பார்த்தார். “சார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் தாயி. சேந்துருவோமா?”

மாரீஸ்வரி தகப்பனைப் பார்க்கவில்லை. சான்றிதழ் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள். பிறகு என்னைத்தான் கேட்டாள்.

“மேடம், எம் மார்க்கு பத்தலையா?”

“மார்க் பத்தும்மா. இங்க கேக்கிற பாடத்த நீ படிக்கல. அவ்வளவுதான்.”

“அது அன்னைக்கே தெரியும்ல மேடம்? நான் என்ன குரூப்புன்னு இதுலயே போட்டிருக்கே.”

அவள் குரல் உயரவே இல்லை. டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. டைரக்டர் சொன்னபடி பி.பி.ஏ.வில் பதிந்துவிட்டால் யாருக்கும் உடனே சேதம் தெரியாது. எங்கள் கணக்கில் ஒரு சேர்க்கை கூடும். தகப்பன் சந்தோஷமாக ஊருக்குப் போவார். கேட்காத படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அந்தப் பெண் வீட்டுக்கு வரும்போது நாங்கள் பக்கத்தில் இருக்க மாட்டோம். அந்த ஊரில் ஒரு பிள்ளை ஒரு வருடம் சும்மா இருப்பது என்பது கிடையாது. தீபாவளி ஆர்டர் முடிகிறவரை என்று யூனிட்டுக்குப் போகும். கையில் காசு பார்த்த பிறகு அடுத்த சீசனுக்கும் போகும். அப்படிப் போன பிள்ளை மறுபடி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. மாரீஸ்வரியும் அதற்குத்தான் பயந்தாள். பின்னால் என்னிடமே சொன்னாள், “யூனிட்டுக்குப் போகக் கூடாதுன்னுதான் மேடம் படிச்சேன்.”

நான் டைரக்டரைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். “சார், போன மாசம் அச்சக முதலாளி வந்தப்போ ரூல்படி முடியாதுன்னு சொன்னீங்க. வெளியிலயும் போட்டு வைங்கன்னு சொன்னீங்க. அதே ரூல்தானே இது? இவருக்கு மட்டும் ஏன் மாத்துறீங்க?”

“மேடம், இதெல்லாம் பேரண்ட்ஸ் முன்னாடி பேசற விஷயம் இல்ல.”

“அவுக முன்னாடிதான் சார் சீட் புக் ஆச்சுன்னு சொன்னீங்க. இல்லைங்கறதையும் அவுக முன்னாடியே சொல்லுங்க.”

அவர் சொல்லவில்லை. போன் வந்ததாகக் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். போன் அடித்தது என் காதில் விழவில்லை. மூடிய அந்தக் கதவைக் கருப்பசாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார். “அப்ப இல்லியாம்மா?” என்றார்.

“இல்லண்ணே. இங்க இல்ல. ஒரு எடத்துல இருக்கலாம். அதுக்கு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள போடணும்.”

பாதியில் நின்ற அந்த அரசு விண்ணப்பத்தை எங்கள் பல்கலைக்கழகத்தின் கணினியிலேயே, எங்கள் சேர்க்கைப் பிரிவின் நடுவிலேயே திறந்தேன். உள்ளே போக வேண்டுமானால் பதிவு செய்த கைப்பேசிக்கு ஒரு எண் வரும், அதைத் தட்ட வேண்டும். பள்ளியில் கொடுத்திருந்தது கருப்பசாமியின் எண். “போனை எடுங்கண்ணே” என்றேன். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். யூனிட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. பொறி பட்டால் என்ன ஆகும் என்று அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கிளம்பும்போது போனை வீட்டு அலமாரியில் வைப்பது அவருக்குக் கை பழகிப்போன காரியம். கல்லூரிக்குக் கிளம்பிய அன்றைக்கும் கை அதையே செய்திருக்கிறது.

என் போனிலிருந்து அவர் எண்ணுக்கே அடித்தோம். அடித்துக்கொண்டே இருந்தது. யூனிட் மூடியிருந்த நாள் என்பதால் அவர் மனைவி வீட்டில்தான் இருந்திருக்கிறார். ஆனால் தண்ணீர் வந்து தெருக்குழாயில் நின்றிருக்கிறார். மணி நாலைத் தாண்டிய பிறகுதான் எடுத்தார். “ஏ புள்ள, மெசேஜ் ஒண்ணு வரும், அத வாசி” என்று கருப்பசாமி கத்தினார். முதலில் வாசித்தது ரீசார்ஜ் கம்பெனி அனுப்பிய விளம்பரம். அடுத்து வாசித்த எண், நேரம் முடிந்து செல்லாமல் போனது. மூன்றாவதுதான் ஏற்றுக்கொண்டது. அதற்குள் என் புடவை முதுகில் ஒட்டிப்போயிருந்தது.

எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, அனுப்பும் முன் நான் கையை எடுத்தேன். அவசரம்தான். இருந்தாலும் அதைச் சொல்லாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

“அண்ணே, நல்லாக் கேட்டுக்கங்க. இது கெடைக்கலாம். கெடைக்காமயும் போகலாம். தொழிற்பிரிவுக்கு எடம் கம்மி, போடுற பிள்ளைக அதிகம். உங்க பிள்ளையோட மார்க்குக்குக் கெடைக்காமப் போறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. தெரிஞ்சே போடுவோம்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இப்பிடி வெளிப்படையா யாரும் எங்ககிட்டச் சொன்னதில்லம்மா” என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, அவர் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டார். “அப்பம்னா, கூட இன்னொரு எடத்துலயும் சொல்லி வைக்கலாமா?”

வைக்கலாம் என்றேன். வேளாண்மையில் பட்டயப் படிப்பு ஒன்று இருக்கிறது. அவளுடைய குரூப்புக்கு அது பொருந்தும், அதற்கு நாளும் இருந்தது. இதை அனுப்பிவிட்டு அதற்கும் அங்கேயே விண்ணப்பித்தோம். பட்டப் படிப்பு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மாரீஸ்வரி எழுந்து என் தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தாள். கேட்கக்கூட இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பட்டப் படிப்பில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. இடங்கள் அவளுக்கு முன்பே முடிந்துவிட்டன. பட்டயப் படிப்பு கிடைத்தது. படித்து முடித்துவிட்டாள். இப்போது விதை விற்கும் நிறுவனம் ஒன்றில் வேலை. வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளம் போட்டவர்களிடம் போய் எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்று பார்த்து எழுதுகிறாள். “காட்டு வேலை வேணாம்னுதான் எங்கய்யா காலத்துல பட்டாசுக்கு வந்தோம். இவ திரும்பக் காட்டுக்குப் போயிட்டா” என்று கருப்பசாமி என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவள் நினைத்த பட்டம் அவளுக்கு இன்னும் எட்டவில்லை. இதை நான் மறைக்கவில்லை, சுபமாக முடிந்தது என்று சொல்லவும் மாட்டேன். நியாயமாக, நேரத்தோடு, மண்டபத்திலேயே ஒருவர் அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் கடைசி நாளின் கடைசி நேரத்தில் ஓடியிருக்க வேண்டாம். வேறு வழிகளையும் நிதானமாகப் பார்த்திருக்கலாம். அதை அவளிடமிருந்து பறித்தவருக்கு அந்த வருடம் சிறந்த சேர்க்கைக்கான கேடயம் கொடுத்தார்கள். நானும் கை தட்டும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். தட்டவில்லை.

பருவம் முடிந்ததும் என்னை விடுதிப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். படுக்கை விரிப்பு எண்ணிக்கொண்டிருந்தேன். மறு வருடம் மே மாதம் ஊர்ப் பேச்சுப் பேசத் தெரிந்த ஆள் பற்றாமல் அதே சிவகாசி மண்டபத்துக்கு என்னையே அழைத்துக்கொண்டு போனார்கள். போய்ப் பார்த்தால், வாசலில் வாழைமரம் கட்டும் தூணுக்குப் பக்கத்தில் கருப்பசாமி நிற்கிறார். அதே வெள்ளைச் சட்டை. எங்கள் மேஜைக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை என்ன குரூப்பு? அந்தப் பாடம் இங்கன செல்லுமான்னு கேட்டீகளா? வேற எங்கெல்லாம் போட்டிருக்கீக?”

ஒரு பெண்மணி, “இங்கன சீட்டு இருக்குன்னு சொல்லிட்டாகளே அண்ணே” என்றார்.

“வாயால சொல்லுவாக. நம்ம கிட்டங்கி மாதிரி இவுக பெட்டியில பேரு எழுதுறதில்ல தாயி. நாலு எடத்துல சொல்லி வையி. ஒரு தப்பும் இல்ல.”

டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். “யார் மேடம் அந்த ஆளு? நம்ம கேம்ப்பைக் கெடுக்குறார். வெளிய அனுப்புங்க.” நான் போய் ஒரு நாற்காலியை இழுத்துக் கருப்பசாமிக்குப் போட்டேன். “உக்காந்து கேளுங்கண்ணே, கால் வலிக்கும்” என்றேன்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். உங்களுக்குக் கொடுத்த அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அதில் இல்லாத கேள்வியை முதலில் கேளுங்கள் என்று சொல்ல மட்டும் உரிமை இருக்கிறது. முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். கஷ்டம் என்றால் கஷ்டம் என்று சொல்லுங்கள். காரில் வருகிறவருக்கு எப்படிச் சொல்வீர்களோ அப்படியே பஸ்ஸில் வருகிறவருக்கும் சொல்லுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்தில் உங்களுக்கு முதல் முகாம் என்று கேள்விப்பட்டேன். கருப்பசாமி இந்த வருடமும் வருவார். நீங்கள் கேட்க மறந்தால் அவர் உங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நின்று கேட்பார்.